சொல்லிக்கொள்ளாமல் போனவர்

போன மாதம் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்க சிதம்பரம் வந்தவள், பழக்கதோஷத்தில் நம் டயாலிசிஸ் யூனிட் பக்கம் திரும்பிவிட்டேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு ஒரு நோயாளியைப் பற்றிப் பொருமிக்கொண்டிருந்தீர்கள். மாற்றுக் கிட்னி வந்திருக்கிறது, உடனே கிளம்பி வாருங்கள் என்று கூப்பிட்டும் அவர் போகவில்லையாம். "என்ன ஜென்மமோ, லிஸ்ட்ல எத்தனை பேர் தவம் கெடக்குறாங்க" என்று ஒரு பெண் சொன்னாள். நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நான் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீடு வந்து சேரும் வரை பஸ்ஸில் வாய் நமநமவென்றிருந்தது. ஓய்வு பெற்ற நர்சுக்கு மாத சம்பளம்தான் நிற்கும், வாய் நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

மிஷினைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓட்டிய மிஷின்களை இப்போது யாரும் சீண்டுவதில்லை, உங்களுடையதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஊசி குத்துவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாக வருகிறது. நான் சொல்லப் போவது, ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லும்போது நாம் என்ன செய்வது என்பதைப் பற்றி.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய சிஸ்டர் ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார், பேசினால் திட்டத்தான் பேசுவார். அவரிடம் ஒரு வயதான நோயாளி, இனிமேல் செவ்வாய்க்கிழமை வர முடியாது, பஸ் இல்லை என்று சொன்னார். நான் முந்திக்கொண்டு எந்தெந்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஒப்பித்தேன். பெரிய சிஸ்டர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அந்தப் பெரியவரை ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார். அடுத்த செவ்வாய் அவர் தானாக வந்தார். அவர் முதலில் படுத்திருந்த கட்டிலில் அதற்கு முந்தைய வாரம்தான் ஒருவர் இறந்திருந்தார். "மொதல்ல சொல்ற காரணத்தோட சண்டை போடாத. அதை அவங்களே முழுசா நம்பிச் சொல்றது இல்ல" என்றார் சிஸ்டர். அவர் என்னிடம் திட்டாமல் சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்பதால் மனதில் தங்கிவிட்டது.

இனி குமரவேல் கதைக்கு வருகிறேன்.

குமரவேல் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆள். சொந்தமாக நிலம் உண்டு, தம்பி பார்த்துக்கொண்டார். இவர் காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூட்டத்தில் நெளிந்து நெளிந்து போய் டிக்கெட் கொடுத்தவருக்கு ஒரு நாள் கால் வீங்கியது, அப்புறம் முகம் வீங்கியது, டெஸ்ட் எடுத்தால் இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. வாரம் இரண்டு தடவை நம் யூனிட்டுக்கு வர ஆரம்பித்தார். ஊசி போடுவதற்காக நரம்பை இணைத்து ஆபரேஷன் செய்த கையில் கை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும் அல்லவா, வந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வண்டி ஐட்லிங்ல நிக்குது சிஸ்டர், எடுக்கலாம்" என்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

சிரிப்பு இருந்ததே தவிர நிலைமை சிரிக்கும்படி இல்லை. இடது கையில் செய்த இணைப்பு ஒரு வெயில் காலத்தில் அடைத்துக்கொண்டது. வலது கையில் புதிதாகச் செய்தார்கள். அதுவும் மெலிந்துகொண்டே வந்தது. அது போனால் ஊசி குத்த அவர் உடம்பில் நல்ல இடமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி செல்வி தன் கிட்னியைத் தருகிறேன் என்று முதல் நாளே சொன்னாள். டெஸ்ட் எடுத்ததில் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததுதான் மிச்சம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தம்பிக்கு ரத்த வகை சேரவில்லை. ஆகவே, மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பம் தானமாகத் தருவது ஒன்றுதான் வழி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்.

அவருடைய ஊர் அம்மன் கோயிலில் கோடையில் தீமிதி நடக்கும். அந்த வருடம் குமரவேல் காப்பு கட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த உடம்போடு நெருப்பில் இறங்குகிறேன் என்கிற மனிதனை என்ன செய்வது? "எறங்குனா இங்க காலடி வெக்காத" என்று கத்தினேன். "எறங்கல சிஸ்டர், காப்பு மட்டும்தான், விரதம் மட்டும்தான்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆண்களுக்கு வலது கையில் கட்டுவதுதான் வழக்கம். அது மிஷின் கை என்பதால் பூசாரி இடது மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்தார். பக்கத்துப் படுக்கை பாக்கியம் அதை விடுவாளா?

பாக்கியம் கடலூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. கூடையில் மீன் விற்றவள். குமரவேலுக்கும் முன்பிருந்தே கிட்னிக்காகக் காத்திருந்தாள், ரத்த வகை வேறு. "என்னா கண்டக்டரே, பொம்பளையாட்டம் எடது கையில கட்டியிருக்க? அடுத்து வளையல் போடுவியா?" என்று அவள் கேட்க, அன்றைக்கு முழுக்க அந்த வார்டில் அதுதான் பேச்சு.

தீமிதிக்குச் சில நாள் இருக்கும்போது, முற்பகலில், அவர் மிஷினில் படுத்திருந்த நேரத்தில் அந்த போன் வந்தது. வலது கையில் ஊசி இருந்ததால் இடது கையால் எடுத்துப் பேசினார். நான் வேறு படுக்கையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சென்னை ஆஸ்பத்திரியில் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண், நித்யா. சின்னப் பெண், உங்கள் வயதுதான் இருக்கும், நல்ல சுறுசுறுப்பு.

"சிஸ்டர், உங்க பேஷன்ட் குமரவேல் என்ன சொல்றாருன்னே புரியலை. கிட்னி வந்திருக்குன்னு சொல்றேன், 'யோசிச்சுச் சொல்றேம்மா'ன்னு வெச்சிட்டாரு. இதுல யோசிக்க என்ன சிஸ்டர் இருக்கு? சாயந்தரத்துக்குள்ள அவர் இங்க இருக்கணும். இல்லைன்னா நான் அடுத்தவரைக் கூப்பிடணும்."

மனம் ஓடும் முன்பே கை ஓடியது. ரத்தம் உறையாமல் இருக்க மிஷினில் ஓடும் மருந்தை நிறுத்தினேன். வெளியே இட்லி டப்பாவைத் திறக்கப் போன செல்வியிடம், "ஒரு வாய் குடுக்காத, தண்ணியும் குடுக்காத" என்றேன். அவர் சம்மதிப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டதுதான். ஆனாலும் அவர் சரி என்று சொல்லும் நிமிடத்தில் வயிற்றில் இட்லியோடு இருக்கக் கூடாது. அப்புறம்தான் அவரிடம் போனேன்.

"என்னா குமரவேல், போன் வந்துச்சாமே?"

"வந்துச்சு சிஸ்டர்."

"கெளம்பலாமா?"

இடது கையைத் தூக்கிக் காட்டினார். "காப்பு கட்டியிருக்கனே. பகல்ல இங்க வந்துட்டு வூட்டுக்குப் போறது வேற. வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. நான் பாட்டுக்கு அங்க போயி படுத்துட்டன்னா ஊருக்கே ஆவாது."

பாக்கியம் தலையைத் தூக்கினாள். "அடப்பாவி! எனக்கு வந்திருந்தா இந்த ஊசியோடவே எழுந்து ஓடியிருப்பன். காப்பாம் காப்பு. ஒரு நூலுக்காவ உசுர வுடுவியா?"

"நீ சும்மா கெட பாக்கியம்" என்றேன். ஆனால் என் வாயிலும் அதே வசனம்தான் தயாராக இருந்தது. பெரிய சிஸ்டரை நினைத்துக்கொண்டு விழுங்கினேன். காப்போடு சண்டை போட்டு ஜெயிக்க எனக்குத் தகுதி இல்லை, தகுதி உள்ளவரிடம் கேட்போம் என்று செல்வியிடம் பூசாரியின் நம்பர் வாங்கினேன். நல்லவேளை, மனிதர் முதல் மணியிலேயே எடுத்தார். குமரவேல் காதுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அவனுக்கு எடது கையில கட்டுனப்பவே ஊர்ல நாலு பேரு கேட்டாங்க. அம்மனுக்கு எடது வலது தெரியும், நீங்க போங்கன்னு சொன்னன். இப்பவும் அதான் சொல்றன். காப்பு கட்டுனவன் சாவுக்குப் போவக் கூடாது. ஆனா பங்காளியே செத்துட்டா அவுத்து வெச்சிட்டுப் போறது இல்லியா? அது மாதிரி இதுவும் உசுரு காரியம். அவுத்து மஞ்சத் துணியில முடிஞ்சு செல்விகிட்ட குடுக்கச் சொல்லுங்க. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறன். குமாரு, கேக்குதா? நீ போ."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. செல்வி ஓடி வந்து காப்பில் கை வைத்தாள். குமரவேல் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவுரு பெரிய மனசு பண்ணிச் சொல்றாரு. அதுக்காவ நாம பண்ணிடலாமா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, மேலே ஃபேனைப் பார்த்துச் சொன்னார்.

செல்வி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். டியூட்டி டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "வேணாம்னு எழுதி வாங்கிடுங்க சிஸ்டர். அடுத்தவராவது பொழைக்கட்டும்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. அந்தக் கிட்னிக்காக இன்னொரு வீட்டிலும் யாரோ போன் மணிக்குக் காத்திருப்பார்கள். நான் குமரவேலிடம் கெஞ்சும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முகம் தெரியாத ஆளுடைய நிமிடம். நித்யா மறுபடி கூப்பிட்டபோது, "அரை மணி நேரம் குடும்மா, அதுக்கு மேல கேக்க மாட்டேன்" என்றேன். அவள் அரைமனதாகச் சரி என்றாள்.

செல்வியை முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். பாக்கியத்தின் பக்கம் திரையை இழுத்துவிட்டேன். ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பூசாரியே விட்ட பிறகும் இந்த மனிதர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் பிடித்திருப்பது காப்பை இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"நித்யா போன்ல என்னா சொன்னாங்க? சொன்னத சொன்னபடி சொல்லு."

"சந்தோஷமான விஷயம் சார்னு சொன்னாங்க. சின்ன வயசு கிட்னி, நல்லா வேலை செய்யும், உங்களுக்கு அதிர்ஷ்டம்னு சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எவ்ளோ சின்ன வயசு சிஸ்டர்?"

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. நித்யாவின் மேல் கோபமும் வரவில்லை. நமக்கு அது நல்ல செய்திதான். நாமும் தினம் அப்படித்தான் பேசுகிறோம். நல்ல கிட்னி, நல்ல மேட்ச், நல்ல நேரம் என்று சொல்லும்போது அந்தப் பக்கம் ஒருவர் இறந்திருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். மறக்காவிட்டால் நம்மால் வேலை செய்ய முடியாது. ஆனால் கேட்பவர் மறந்திருக்க மாட்டார்.

"எனக்கும் தெரியாது குமரவேல். சொல்லவும் மாட்டாங்க" என்றேன்.

அதன் பிறகு அவர் தானாகவே பேசினார். "நான் எதுக்குக் காப்பு கட்டுனன் தெரியுமா சிஸ்டர்? இந்தத் தீமிதிக்குள்ள எனக்கு ஒரு கிட்னி கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டுக் கட்டுனன். கெடச்சிடுச்சு. தீமிதிக்கு முன்னாடியே அம்மன் குடுத்துட்டா. அப்படின்னா நான் என்னா வேண்டியிருக்கன்? எவனாவது சாவட்டும்னுதான வேண்டியிருக்கன்? அந்த வூட்லயும் அவுங்க அம்மா வேண்டியிருப்பாங்க, எம் புள்ளை பொழைக்கணும்னு. ரெண்டு பேரும் அம்மன்கிட்டதான கேட்டோம். என்னுத கேட்டுட்டு அவுங்களுத வுட்டுட்டாளே."

கண்ணீர் காதுக்குள் இறங்கியது. வலது கையை அசைக்க முடியாது, இடது கையைப் போர்வையை விட்டு எடுக்க மாட்டேன் என்கிறார். நான்தான் துடைத்தேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்று முன்பே சொன்னேன். பஸ்காரருக்குப் பஸ்ஸை வைத்தே பதில் சொல்வோம் என்று ஆரம்பித்தேன். "நீ எத்தனை வருஷம் கண்டக்டரா இருந்த? நின்னுக்கிட்டு வர்றவன் சீட்டு கெடைக்காதான்னு பாக்கத்தான் செய்வான். அவன் பாக்குறான்றதுக்காக உக்காந்திருக்கறவரோட ஸ்டாப்பிங் முன்னாடியே வந்துடுமா? அவரு எறங்குறாரு, இவன் உக்கார்றான். இவனா புடிச்சுத் தள்ளிவுட்டான்?"

நன்றாகத்தான் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. குமரவேல் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவுரு எறங்க வேண்டிய எடத்துல எறங்கலியே சிஸ்டர். பாதி வழியிலயே எறங்கிட்டாரே" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நீங்கள் படித்தவர்கள், ஏதாவது சொல்வீர்களாயிருக்கும். நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். நான் கேட்டு வாங்கிய அரை மணியில் பாதி போய்விட்டது. போன் எடுத்து, "வேண்டாம், அடுத்தவரைக் கூப்பிடு" என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது, அந்த நியாயத்தோடு மல்லுக்கட்ட எனக்கு மனம் இல்லை.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். "நீ கேக்குறதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

அப்படிச் சொன்ன பிறகுதான், பூசாரி போகிற போக்கில் சொன்னது என் காதில் மறுபடி விழுந்தது. பங்காளி செத்தால் அவிழ்த்து வைத்துவிட்டுப் போவதில்லையா என்று அவர் கேட்டாரே, அது.

"ஆனா ஒண்ணு குமரவேல். ஒரு சாவு நடந்திருக்கு. அந்தச் சேதி உனக்கு வந்திருக்கு. சாவுச் சேதி வந்தா நாம என்னா பண்ணுவோம்?"

"போவோம்."

"யாராவது வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா?"

"சேதி வந்தா போதுமே சிஸ்டர். அதுக்கெல்லாம் யாரு கூப்பிடுவாங்க?"

"அப்ப போ. நித்யா சந்தோஷமான விஷயம்னு சொன்னாங்கன்னு நீயும் கல்யாணத்துக்குப் போற மாதிரி போவ வேணாம். சாவுக்குப் போற மாதிரி போ. வயித்துல ஒண்ணும் போடாம, போட்ட துணியோட போ. அழுவணும்னா வழியெல்லாம் அழுதுக்க. நீ போவலன்னாலும் அந்தப் புள்ளை எழுந்து வரப் போறது இல்ல. ஆனா அந்த வூட்டுக்காரங்க அவ்ளோ துக்கத்துலயும் குடுக்குறோம்னு சொல்லியிருக்காங்க. குடுத்தத வாங்க ஆளே வரலன்னா அது என்னா மரியாதை?"

குமரவேல் கண்ணை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். முகம் கழுவப் போன செல்வி திரும்பி வந்து கட்டில் கால்மாட்டில் நின்றாள்.

"யாருன்னே தெரியாதே சிஸ்டர். என்னா முறைன்னு போறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவரே சொல்லிக்கொண்டார்: "பங்காளி முறைதான் வரும். ஒடம்புல ஒடம்பா சேருதுல்ல. பங்காளிதான்."

போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. "அவுத்துடு செல்வி" என்றார்.

மஞ்சள் ஏறி இறுகிப்போன முடிச்சு, சீக்கிரம் வரவில்லை. கத்தரிக்கோல் எடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நான் திரும்பி நின்று நித்யாவுக்கு போன் போட்டேன். "கெளம்பிட்டாரும்மா" என்றேன்.

செல்வியின் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். ஊசி எடுத்துக் கட்டுப் போட்டதும் குமரவேல் எழுந்து வார்டு முழுக்க ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு படுக்கையாக நின்று, "போயிட்டு வரேன்" என்றார். பாக்கியம் திரையை விலக்கிக்கொண்டு, கேட்டதை எல்லாம் கேட்டுவிட்ட முகத்தோடு, "போயிட்டு வா கண்டக்டரே" என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. புதுக் கிட்னி உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. செல்வி போன் செய்து, "சிஸ்டர், அவருக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு" என்று அழுதுகொண்டே சொன்னதை நான் வார்டில் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, படுத்திருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். நம் வார்டைத் தவிர வேறு எங்கும் இந்தச் செய்திக்குக் கை தட்ட மாட்டார்கள். ஆனால் தண்ணீர் குடிப்பதில்தான் தகராறு. உடம்பில் தண்ணீர் சேரக் கூடாது என்று வாயை நனைத்துக் கொப்பளித்துத் துப்பியே வருஷங்களை ஓட்டியவரிடம் திடீரென்று பாட்டில் பாட்டிலாகக் குடி என்கிறார்கள். அரை டம்ளருக்கு மேல் தொண்டை நம்பவில்லையாம். பக்கத்தில் நின்று மிரட்டி மிரட்டிக் குடிக்க வைத்ததே நித்யாதான் என்று செல்வி சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் நித்யா என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"நாங்க ஏதாவது தப்பா பேசிட்டோமா சிஸ்டர்?"

"ஏம்மா?"

"இத்தனை நாள் அவ்ளோ பாத்துக்கிட்டோம். இன்னைக்கு டிஸ்சார்ஜ். டாக்டர், நர்சுங்க எல்லாம் நின்னு வழியனுப்ப வந்தோம். ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. போயிட்டு வரேன்னுகூடச் சொல்லாம விறுவிறுன்னு வாசலைப் பாக்கப் போயிட்டாரு. அவர் வைஃபும் அப்படியே பின்னாடி போயிட்டாங்க. எங்க நர்ஸ் ஒருத்தி, காரியம் முடிஞ்சதும் மனுஷங்க மாறிடுறாங்கன்னு சொல்றா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சிஸ்டர்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நித்யா, சாவு வீட்டுக்குப் போயிருக்கியா?"

"போயிருக்கேனே."

"திரும்பி வர்றப்ப அங்க போயிட்டு வரேன்னு சொல்லுவியா?"

"ஐயையோ, சாவு வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதே. சொல்லிக்காமதான் வரணும்..." என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அப்புறம் அன்று நம் வார்டில் நடந்ததை எல்லாம் சொன்னேன். சின்ன வயசு கிட்னி என்று அவள் சொன்னதையும் மறைக்கவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள் என்று தெரியும். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவரிடமும் அதையே சொல்வாள்.

"நான் நல்ல செய்தின்னுதான் சிஸ்டர் சொன்னேன்" என்றாள்.

"நல்ல செய்திதாம்மா. அதோட சேத்து ஒரு சாவுச் செய்தியும் சொல்றோம்னு ஞாபகம் இருந்தா போதும்" என்றேன்.

பாக்கியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கடைசி வரை போன் வரவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டாள். அவளும்தான் வேண்டியிருப்பாள். அவளுடைய வேண்டுதல் ஏன் கேட்கப்படவில்லை என்று யாராவது என்னைக் கேட்டால், குமரவேலிடம் சொன்ன அதே பதில்தான் என்னிடம் இருக்கிறது. அவள் சாவுக்குக் குமரவேல் வந்திருந்தார். கூட்டத்தில் சேரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாஸ்க் போட்டுக்கொண்டு தெருமுனையிலேயே நின்றார்.

இன்றைக்கும் அவர் சென்னைக்கு செக்கப்புக்குப் போய்த் திரும்பும்போது கடலூரில் இறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவார். முதல் செக்கப்புக்குப் போய் வந்த அன்று, சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"அந்த நித்யாப் பொண்ணு இருக்குதுல்ல சிஸ்டர். முன்னெல்லாம் பாக்குறப்ப வாங்க சார் வாங்க சார்னு ஒரே ஆர்ப்பாட்டம் பண்ணும். இந்தத் தடவை எல்லாம் முடிஞ்சு நான் கெளம்பறன், அது பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொல்றதுக்கு வாயத் தொறந்துச்சு. தொறந்துட்டு அப்படியே மூடிக்கிச்சு. ஒண்ணும் பேசாம கேட்டு வரைக்கும் என்கூடவே நடந்து வந்து நின்னுச்சு. எனக்கும் ஒண்ணும் சொல்லத் தோணல. ரெண்டு பேரும் சொல்லிக்கல, நான் பாட்டுக்கு வந்து பஸ் ஏறிட்டன்."